ஹூன்னு கல்லறைகளும் பட்டு வணிகமும்: மங்கோலியச் சுற்றுலா ஒன்றின் மதிப்புரை

செங்கிஸ்கானின் பெயரில் விற்கப்படும் சுற்றுலாக்களுக்கு மங்கோலியாவில் பஞ்சமே இல்லை. அவர் அரியணை ஏறுவதற்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பே அதே புல்வெளியில் எழுந்த முதல் பேரரசை மட்டும் மையமாக வைத்து, கோடை மாதங்களில் ஒரு சுற்றுலாவை உலான்பாத்தரில் இயங்கும் சிறிய பயண நிறுவனம் ஒன்று நடத்துகிறது. சீன வரலாற்று நூல்கள் சியோங்நு என்றும் மங்கோலியர்கள் ஹூன்னு என்றும் குறிப்பிடும் அந்த நாடோடி அரசின் கல்லறைகள், தலைநகர் எச்சங்கள், அருங்காட்சியகக் காட்சிகள் ஆகியவற்றை ஒரே பயணத்தில் காட்டுவதாக அதன் கையேடு சொல்கிறது. ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைத்த பண்டைய வணிகத்தில் உண்மையான ஆர்வம் உள்ளவர்கள் இந்தச் சுற்றுலாவுக்குச் செலவிடும் பணம் வீணாகாது. குதிரைச் சவாரி, கழுகு வேட்டை, நட்சத்திர வானம் என்று எதிர்பார்த்துச் செல்கிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

பயணம் நோயின்-உலாவில் தொடங்குகிறது. உலான்பாத்தருக்கு வடக்கே நூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தொலைவில், காடு மூடிய மலைச்சரிவுகளில், இருநூறுக்கும் மேற்பட்ட கல்லறை மேடுகள் இங்கே இருக்கின்றன. 1912-இல் தங்கச் சுரங்க நிறுவனம் ஒன்றின் பணியாளர், பழைய சுரங்கக் குழி என்று எண்ணி ஒரு மேட்டைத் தோண்டப்போக, இந்த இடம் வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1924-25-இல் ரஷ்ய ஆய்வாளர் பியோத்தர் கோஸ்லோவின் குழு முறையாக அகழ்ந்தது; கண்டெடுத்தவற்றில் பெரும்பகுதி இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆகவே இந்த இடத்துக்கு நேரில் வருகிறவர் பார்ப்பது புல் மூடிய பள்ளங்களையும், தெற்கிலிருந்து கல்லறைக்குள் இறங்கிய சரிவுப் பாதையின் தடத்தையும், அங்கங்கே வெளித்தெரியும் கற்களையும்தான். இதைக் கையேடு தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். பொற்குவியல்களின் படங்களை அட்டையில் அச்சிட்டுவிட்டுப் பள்ளத்தருகே கொண்டுவந்து நிறுத்தினால், உடன் வந்தவர்கள் முணுமுணுப்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று வழிகாட்டி பேசியதுதான் இந்தச் சுற்றுலாவின் சிறந்த பகுதி. தொல்லியல் படித்த இளம்பெண் அவர். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசுகிறார். கேள்வி கேட்டால் மகிழ்கிறார். கையோடு கொண்டுவந்த படத்தொகுப்பிலிருந்து ஆறாம் எண் கல்லறையில் கிடைத்த சீன அரக்குப்பூச்சுக் கிண்ணத்தின் படத்தை எடுத்துக் காட்டினார். இரு பக்கமும் காதுபோல் கைப்பிடி நீண்ட, கருஞ்சிவப்பு வண்ணம் தீட்டிய சிறு கிண்ணம் அது. அதில் கி.மு. 2-ஆம் ஆண்டைக் குறிக்கும் சீன ஆட்சியாண்டும், செய்த கைவினைஞர், ஓவியம் தீட்டியவர், மேற்பார்த்தவர் ஆகியோரின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அன்று சீனாவை ஆண்ட ஹான் அரசின் பட்டறையில் கணக்கு எழுதி, பெயர் பொறித்து, அரண்மனைப் பயன்பாட்டுக்கெனச் செய்யப்பட்ட ஒரு பொருள், கோபி பாலைவனத்தைக் கடந்து, ஒரு நாடோடித் தலைவனின் கல்லறையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. வணிகன் ஒருவன் சந்தையில் விற்ற பொருளாக இது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அரசு அரசுக்கு அளித்த கொடை என்றே கொள்ள வேண்டும். அடுத்தடுத்த நாள்களில் அவர் விளக்கிய எல்லாவற்றுக்கும் இந்தக் கிண்ணமே திறவுகோலாக அமைந்தது.

பட்டுச்சாலை என்றதும், ஒட்டகங்களில் பட்டை ஏற்றிக்கொண்டு சீனாவிலிருந்து ரோமாபுரிவரை நடந்துபோன வணிகர் கூட்டம் ஒன்று நம் மனத்தில் தோன்றுகிறது. அந்தக் காட்சியில் புல்வெளி நாடோடிகளுக்கு வழிப்பறிக்காரர் வேடம் மட்டுமே கிடைக்கும். வழிகாட்டி இதை மறுத்துச் சொன்ன வரலாறு வேறு. கி.மு. 209-இல் தன் தந்தை தூமனைக் கொன்று சன்யூ, அதாவது ஹூன்னுக்களின் பேரரசர், ஆன மோதுன், சிதறிக் கிடந்த மேய்ச்சல் இனக்குழுக்களை இருபத்து நான்கு தலைவர்களின் கீழ் ஒருங்கிணைத்தார். கி.மு. 200-இல் ஹான் பேரரசர் காவ்சூவைப் பைடெங்கில் ஏழு நாள்கள் முற்றுகையிட்டார். அதன்பின் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, சீன அரசு ஒரு இளவரசியை மணமுடித்துக் கொடுத்ததோடு, ஆண்டுதோறும் பட்டு, தானியம், மது ஆகியவற்றையும் அனுப்ப ஒப்புக்கொண்டது. நாடோடிகளுக்கு இவ்வளவு பட்டு எதற்கு என்று உடன் வந்த ஒருவர் கேட்டார். மந்தையைச் சேமித்து வைக்க முடியாது, ஒரு கடுங்குளிர்காலம் போதும், பாதி அழிந்துவிடும் என்று வழிகாட்டி விடையளித்தார். மேய்ச்சல் நிலத்தில் ஒரு தலைவன் தனக்குக் கீழுள்ள தலைவர்களைத் தன்னோடு பிணைத்து வைத்திருக்க வேண்டுமானால், பகிர்ந்தளிக்கக்கூடிய, கெட்டுப்போகாத, எளிதில் சுமக்கக்கூடிய, வேறு எவராலும் தர முடியாத பொருள் ஒன்று அவனிடம் இருந்தாக வேண்டும். பட்டு அந்த நான்கு தேவைகளையும் நிறைவேற்றியது.

அவர் தந்த எண்ணிக்கைகள் ஹான் அரச வரலாற்றில் பதிவானவை. சன்யூ ஹூஹன்யே கி.மு. 51-இல் ஹான் தலைநகரான சாங்ஆனுக்கு நேரில் சென்று பணிந்தபோது பெற்றது 8,000 சுருள் பட்டுத்துணியும் 6,000 ஜின் (சீன எடை அளவு) பட்டுப் பஞ்சும். கி.மு. 1-இல் வந்த சன்யூவுக்கு 30,000 சுருள்களும் 30,000 ஜின் பஞ்சும் கிடைத்தன. அடிபணிந்தவர் என்று சீன ஏடுகள் பெருமையோடு குறித்த காலத்தில்தான் கொடையின் அளவு மேலும் மேலும் ஏறியிருக்கிறது. யார் யாருக்குக் கப்பம் கட்டினார்கள் என்ற கேள்வியை அவர் எங்களிடமே விட்டுவிட்டார். பெற்ற பட்டு முழுவதையும் புல்வெளியில் உடுத்திக் கிழித்திருக்க முடியாது. மிகுந்தது மேற்கு நோக்கிக் கைமாறிக் கைமாறிச் சென்றது.

எல்லைச் சந்தைகளைப் பற்றிய பகுதியும் செறிவானது. கி.மு. 133-இல் மாயி என்னும் ஊரில் சன்யூவைப் பொறிவைத்துப் பிடிக்க ஹான் அரசு முயன்று தோற்ற பிறகு, உடன்படிக்கை முறிந்து நீண்ட போர் மூண்டது. அப்போதும் எல்லைச் சந்தைகள் உடனே மூடப்படவில்லை; ஹூன்னுக்கள் சீனப் பொருள்களை விரும்பி வந்தார்கள், அந்த ஆசையாலேயே அவர்களை வலுவிழக்கச் செய்யலாம் என்று கருதி ஹான் அரசும் சந்தைகளை விட்டுவைத்தது. சீன அரசவையிலிருந்து ஹூன்னு பக்கம் போய்ச் சேர்ந்த சோங்ஹாங் யூவே என்ற அரண்மனை அலுவலர் இந்த ஆபத்தை முன்பே உணர்ந்திருந்தார். முட்புதர்களினூடே குதிரையில் பாய்ந்தால் பட்டாடை கிழிந்துபோகும், உங்கள் தோலாடையும் கம்பளியுமே மேல் என்று அவர் சன்யூவுக்கு அறிவுரை கூறியதை ஹான் கால வரலாற்றாசிரியர் சிமா சியேன் பதிவு செய்திருக்கிறார். அறிவுரை எடுபடவில்லை என்பதற்கு நோயின்-உலாவின் கல்லறைகளே சான்று. எதிர்ப்பக்கத்தில், கி.மு. 81-இல் சீன அரசவையில் உப்பு, இரும்பு ஆகியவற்றின் அரசு ஏகபோகம் குறித்து நடந்த விவாதத்தில், ஒரு துண்டு சாதாரணப் பட்டைக் கொடுத்து ஹூன்னுக்களிடமிருந்து பல பொற்காசு மதிப்புள்ள பொருள்களைப் பெறலாம், கழுதைகளும் கோவேறு கழுதைகளும் ஒட்டகங்களும் வரிசை குலையாமல் எல்லைக்குள் வந்தபடி இருக்கின்றன என்று அரசுத் தரப்பினர் வாதிட்டார்கள். இரு பக்கமும் தாங்களே இலாபம் பார்ப்பதாக நம்பிய வணிகம் நெடுங்காலம் நீடித்ததில் புதுமை இல்லை.

இவ்வளவும் கேட்ட பிறகு ஆர்ஹாங்காய் மாநிலத்துக்கு நெடும்பயணம். கார்ஹோரின்வரை தார்ச்சாலை, அதன்பின் பெரும்பகுதி மண்தடம். வண்டி பழைய ரஷ்ய உவாஸ் வேன். இருக்கைகள் கடினமானவை, குலுக்கல் கொடுமையானது, ஆனால் ஆற்றைக் கடக்கவும் சேற்றிலிருந்து எழவும் அதற்கு நிகர் இல்லை. ஓட்டுநர் வழியில் நின்ற இடங்களிலெல்லாம் வண்டியின் அடியில் படுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். முதுகுவலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

உல்சீத் வட்டாரத்தில் ஹர்கானின் துர்வுல்ஜின் என்ற சதுர மதில் எச்சத்தைக் காட்டினார்கள். ஹூன்னுக்களின் சடங்குத் தலைநகரான லோங்செங் இதுவே என்று மங்கோலிய ஆய்வாளர்கள் 2020-இல் அறிவித்தார்கள். சன்யூவை வானத்தின் மகன் என்று குறிக்கும் சீன எழுத்துக்கள் பொறித்த கூரை ஓடுகள் இங்கே கிடைத்ததே அறிவிப்புக்கு அடிப்படை. ஆண்டின் ஐந்தாம் மாதம் தலைவர்கள் எல்லோரும் லோங்செங்கில் கூடி முன்னோருக்கும் வானத்துக்கும் மண்ணுக்கும் படையல் இட்டார்கள் என்றும், இலையுதிர் காலத்தில் மற்றோர் இடத்தில் கூடி ஆட்களையும் கால்நடைகளையும் எண்ணினார்கள் என்றும் சீனப் பதிவுகள் கூறுகின்றன. நாடோடி என்றால் ஊர் இல்லாதவன், கணக்கு இல்லாதவன் என்று நினைப்பவர்கள் இங்கே சிறிது நேரம் செலவிட வேண்டும். நிறுவனமோ இதற்கு ஒதுக்கியது மதிய உணவுக்கு முந்தைய சிறு இடைவெளி மட்டுமே. மதிலைச் சுற்றி ஒருமுறை முழுதாக நடந்து பார்க்கக்கூட நேரம் போதவில்லை.

அதற்கு மாறாக, கோல் மோத் 2-க்குத் தாராளமாக நேரம் கொடுத்தார்கள். உந்துர்-உலான் வட்டாரத்தில் உள்ள இந்தக் கல்லறைத் தொகுதியின் முதலாம் எண் கல்லறை, சரிவுப் பாதையையும் சேர்த்தால் எண்பது மீட்டருக்கும் மேல் நீளமானது. அதன் ஒரு பக்கத்தில் பிறை வடிவில் துணைக் கல்லறைகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றுள் முப்பதாம் எண் கல்லறையில்தான் ரோமானியக் கண்ணாடிக் கிண்ணம் கிடைத்தது. அடர்நீலக் கண்ணாடியில் வெண்கோடுகள் ஓட, வெளிப்புறம் விலா எலும்புபோல் மடிப்புகள் புடைத்த அக்கிண்ணம் மத்தியதரைக் கடற்கரைப் பட்டறை ஒன்றில் செய்யப்பட்டது. அது ஒருகாலும் சாங்ஆன் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டியதில்லை. புல்வெளியிலேயே மேற்கிலிருந்து கிழக்காகக் கைமாறி வந்திருக்கலாம். நோயின்-உலாவின் இருபதாம் எண் கல்லறையில், ஏறத்தாழ 18 மீட்டர் ஆழத்தில், கிரேக்கப் புராணத்து வனதேவனான சட்டிரின் உருவம் பொறித்த வெள்ளித் தட்டு ஒன்று குதிரைச் சேணத்தின் அணியாகக் கிடைத்திருக்கிறது. முப்பத்தொன்றாம் எண் கல்லறையில் கிடைத்த கம்பளிச் சித்திரத்துணியின் நெசவு சிரியா அல்லது பாலஸ்தீனப் பகுதியைச் சேர்ந்தது, அதன் மேலுள்ள தையல் சித்திரம் வடமேற்கு இந்தியாவில் செய்யப்பட்டிருக்கலாம் என்பது அகழ்ந்த ரஷ்யக் குழுவின் கருத்து. ஒரே துணியில் இத்தனை நாடுகளின் கைவேலை என்றால், அதை இறுதியாகப் பெற்றவரின் செல்வாக்கு எங்கெல்லாம் எட்டியிருக்க வேண்டும்?

அந்தச் செல்வாக்கின் தன்மையை விளக்க வழிகாட்டி சொன்ன ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. மத்திய ஆசிய நாடுகளில், சன்யூவின் அடையாளச் சான்று ஒன்றைக் கையில் வைத்திருந்தால் போதும், ஹூன்னுத் தூதனுக்கு ஒவ்வொரு நாடும் உணவு கொடுத்து அடுத்த நாட்டுக்கு வழியனுப்பி வைத்தது. ஹான் தூதனோ பட்டை எடுத்து நீட்டினால்தான் சோறு, விலை கொடுத்தால்தான் குதிரை. இதை எழுதி வைத்தவர்கள் சீனர்களே. இன்றைய மேற்குச் சீனாவிலுள்ள தாரிம் படுகையின் பாலைச்சோலை நகரங்களில் வரி திரட்டுவதற்கென்றே ஹூன்னுக்கள் தனி அதிகாரி ஒருவரை நியமித்திருந்தார்கள். ஆகவே கி.மு. 138 அளவில் மேற்கே அனுப்பப்பட்டு, ஹூன்னுக்களிடம் பத்தாண்டுகள் சிறைப்பட்டுத் தப்பிய ஹான் தூதர் சாங் சியேன்தான் பட்டுச்சாலையைத் ‘திறந்தார்’ என்ற வழக்கமான கூற்றில் பாதிதான் உண்மை. அவர் போய்ச் சேர்ந்த பாதைகளில் முன்பே வேறொருவருடைய ஆணை செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு தொடர்பு உண்டு. வழிகாட்டி அதைச் சொல்லவில்லை, அவர் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையாகாது. ஹூன்னுக்கள் அடித்து விரட்டிய யுவேஷி மக்கள் மேற்கே நகர்ந்து, இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதியை உள்ளடக்கிய பாக்திரியாவில் குடியேற, அவர்களிலிருந்தே குஷாணர் எழுந்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸ், சீனப் பட்டு பாக்திரியா வழியாகத் தரைமார்க்கமாகப் பரிகச்சாவுக்கு (இன்றைய குஜராத்தின் பரூச்) வந்தது என்றும், கங்கை வழியாக லிமிரிகேவுக்கு, அதாவது சேரர் துறைமுகங்கள் இருந்த மேற்குக் கரைக்குச் சென்றது என்றும் குறிப்பிடுகிறது. முசிறியில் கப்பலேறிய பட்டின் பயணத்துக்கும், ஹூன்னுக்கள் நடத்திய ஒரு விரட்டலுக்கும் இடையே இவ்வாறு ஒரு தொலைதூர இழை ஓடுகிறது.

குறைகளுக்கு வருகிறேன். முகாமில் ஓர் இரவு ‘ஹூன்னு விருந்து’ என்ற பெயரில் நடத்தப்பட்ட நிகழ்ச்சியை நீக்கிவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. பிளாஸ்டிக் கொம்பு வைத்த தலைக்கவசங்களைப் பயணிகள் அணிந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னணியில் ஒலிபெருக்கி இசை. பகலெல்லாம் வரலாற்றைப் பொறுப்போடு விளக்கிய அதே வழிகாட்டி அப்போது ஒதுங்கி நின்றதைக் கவனித்தேன். கையேட்டிலோ, ஐரோப்பாவை நடுங்கவைத்த அட்டிலாவின் ஹூணர்கள் இவர்களின் நேர் வாரிசுகள் என்று ஐயத்துக்கு இடமின்றி அச்சிட்டிருக்கிறார்கள். அண்மைய மரபணு ஆய்வுகள் ஐரோப்பிய ஹூணர் காலத்து மனிதர்கள் சிலரிடம் மட்டுமே ஹூன்னு உயர்குடியினரோடு தொடர்பைக் காண்கின்றன. ஒரு மக்கள்திரள் அப்படியே பெயர்ந்து போனது என்பதற்கு அவை இடம் தரவில்லை. வழிகாட்டிக்கு இது தெரிந்திருக்கிறது. கையேட்டை எழுதியவர் அவரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

அதைவிடப் பெரிய குறை பயணத்தின் வரிசையில் உள்ளது. உலான்பாத்தரின் மங்கோலிய தேசிய அருங்காட்சியகத்தையும், 2022-இல் திறக்கப்பட்ட செங்கிஸ்கான் தேசிய அருங்காட்சியகத்தையும் கடைசியில் வைத்திருக்கிறார்கள். அவை இரண்டுமே அருமையான இடங்கள். வளையக் கைப்பிடி கொண்ட வெண்கலக் கொப்பரைகள், இரும்புக் கடிவாளங்கள், சூரியனும் பிறையும் சேர்ந்த பொற்றகடுகள் எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. ஹூன்னு கல்லறைகளில் பரவலாகக் கிடைக்கும் ஹான் கால முகக்கண்ணாடித் துண்டுகளின் முன் நான் நெடுநேரம் நின்றேன். முகம் பார்க்கும் முழு வெண்கலக் கண்ணாடியாக அன்றி, உடைந்த துண்டாகவே அவற்றைக் கல்லறையில் இட்டிருக்கிறார்கள். துளையிட்டுத் தொங்கவிட்ட துண்டுகளும் உண்டு. சாங்ஆனில் ஒப்பனைப் பொருளாக இருந்தது இங்கே வந்ததும் வேறொன்றாகிவிட்டது. இவற்றை முதல் நாளே பார்த்துவிட்டுச் சென்றிருந்தால் நோயின்-உலாவின் பள்ளங்கள் வெறும் பள்ளங்களாகத் தோன்றியிருக்கமாட்டா, முணுமுணுத்தவர்களும் அடங்கியிருப்பார்கள்.

பேரரசின் அன்றாட வாழ்க்கையும் திட்டத்தில் இடம்பெறவில்லை. ரஷ்ய எல்லைக்கு அப்பால் உலான்-உடேக்கு அருகிலுள்ள இவோல்கா குடியிருப்பில் ஹூன்னு காலத்தவர் உழவும் உலோகத் தொழிலும் செய்த சான்றுகள் கிடைத்துள்ளன. அங்கே போக முடியாது என்பது புரிகிறது, ஆனால் அதைப் பற்றி ஒரு மாலைப்பொழுதில் பேசியிருக்கலாம். மேற்கே ஹோவ்த் பகுதியின் எல்லைப்புறக் கல்லறைகளில் மிகச் சிறப்பாக அடக்கம் செய்யப்பட்டவர்கள் பெண்கள் என்பதை 2023-இல் வெளியான மரபணு ஆய்வு எடுத்துக்காட்டியது. அரசை விரிவாக்கியதிலும் உறவுகளைப் பேணியதிலும் உயர்குடிப் பெண்களுக்கு இருந்த பங்கு, வணிகத்தைப் புரிந்துகொள்ளவும் இன்றியமையாதது. சன்யூவுக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்ட வாங் சாவ்சுன் கதையை மட்டும் இரண்டு முறை சொன்னார்கள்.

உணவைப் பொறுத்தவரை, சைவ உணவினர் முன்கூட்டியே சொல்லிவைத்தால் உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, சோறு என்று ஏதோ கிடைக்கும். சுவையை எதிர்பார்க்கக் கூடாது. அசைவர்களுக்கு ஆட்டிறைச்சி பொதிந்த பூஸும், எண்ணெயில் பொரித்த ஹூஷூரும் நன்றாகவே இருந்தன. உப்பிட்ட பால் தேநீர் முதல் வாயில் திகைக்கவைத்து, குளிர் ஏறிய பிறகு தானாகவே பழகிவிடுகிறது. குதிரைப் பாலைப் புளிக்கவைத்த ஐராகை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். கெர் கூடாரங்கள் தூய்மையானவை. இரவில் அடுப்பு மூட்டித் தருகிறார்கள். கழிப்பறை சற்றுத் தள்ளியிருப்பதால் கைவிளக்கு தேவை.

கட்டணம் குறைவில்லை. எனினும், உணவு, தங்குமிடம், வண்டி, நுழைவுக்கட்டணம் அனைத்தையும் உள்ளடக்கியதே அது. இடையில் வேறு எதற்கும் கை நீட்டவில்லை. முன்பதிவு செய்கிறவர்கள் தொல்லியல் படித்த வழிகாட்டிதான் வேண்டும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாக் குழுக்களுக்கும் அப்படிப்பட்டவர் அமைவதில்லை என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள். உலான்பாத்தருக்கு முன்னதாகவே வந்து இரு அருங்காட்சியகங்களையும் சொந்தச் செலவில் பார்த்துவிட்டுப் பயணத்தில் சேர்வது நல்லது. லோங்செங் எச்சத்தில் கூடுதல் நேரம் தரும்படி கேட்டால், விருந்து நிகழ்ச்சியைக் கைவிட்டு அந்த நேரத்தை ஒதுக்கித் தர நிறுவனம் ஒப்புக்கொள்ளக்கூடும். குழுவில் பெரும்பாலோர் விரும்பினால் திட்டத்தை மாற்றலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மழை பெய்தால் ஆர்ஹாங்காயின் மண்தடங்கள் பலமணி நேரத்தைத் தின்றுவிடும் என்பதால், பயணம் முடியும் நாளிலேயே திரும்பும் விமானத்துக்குச் சீட்டு எடுக்க வேண்டாம்.